மணலில் வறுத்த காப்பி

போன வெள்ளிக்கிழமை காலை பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைக்க நின்றவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, நான், என் மனைவி சுகந்தி, சுகந்தியின் அம்மா. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் முருகன் அண்ணாச்சி. இதே முக்கில் தள்ளுவண்டி போட்டுக் கடலை வறுத்து விற்றவர், இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் சுகந்தியின் அப்பா. அவர் போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். இந்த இரண்டு பேரும் இல்லையென்றால் உடைப்பதற்குத் தேங்காயே இருந்திருக்காது என்பதுதான் விஷயம்.

உடைக்க வேண்டியது நூற்றியொன்று. அம்மா நேர்ந்துகொண்டு ஆறு வருஷம் ஆகிறது. அப்போதே உடைத்திருந்தால் பாதி விலையில் முடிந்திருக்கும். "வெல எறங்கட்டும்ல, பிள்ளையாரு எங்க போயிரப் போறாரு" என்று அம்மா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். ஓணத்துக்கு விலை ஏறும், ஓணம் போகட்டும் என்பாள். ஓணம் போனால் சபரிமலை சீசன் வந்துவிடும். பிள்ளையார் பொறுமைசாலி. தேங்காய் வியாபாரிகளுக்கு அந்தக் குணம் கிடையாது.

நூற்றியொரு தேங்காயைக் குடும்பமாக உடைப்பது பக்தியைவிட உடற்பயிற்சிக்குப் பக்கத்தில் வரும். அப்பாவுக்குத் தோள்வலி, இருபதோடு நிறுத்திக்கொண்டார். நான் எறிந்ததில் ஏழு காய் உடையாமல் உருண்டு என் காலடிக்கே திரும்பி வந்தது. அம்மா மட்டும் மாவு ஆட்டிய கை. எறிந்த ஒவ்வொன்றும் சில்லுச்சில்லாகப் போயிற்று. எண்பதாவது காயைக் கையில் எடுத்தவள் எறியாமல் அப்படியே நின்றாள். எதிர்வரிசையில் புதிதாகத் திறந்திருக்கும் கண்ணாடிக் கடைக்குள்ளிருந்து ஒரு சத்தம். கர்ர்ர். பின்னாலேயே வாசனை.

"ஏல, அந்தச் சத்தந்தான?" என்றாள்.

அதே சத்தம்தான். காப்பிக் கொட்டையை அரைக்கிற கரண்டு மெஷின். என்ன, அதில் மணல் இல்லை, அதனால் கொஞ்சம் மரியாதையாக ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் காப்பி என்பது மருந்து. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் இங்கே வந்து, பழவங்காடியில் ஒரு சாயாக்கடையில் டீ மாஸ்டராக முப்பத்தைந்து வருஷம் நின்றவர். வீட்டிலும் டீதான். சுக்குத் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி, யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும். ஆகவே காப்பி மணம் வந்தால் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். படித்து முடித்துத் தம்பானூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த பெண் ஃபிளாஸ்கைத் திறந்தாள். ஃபில்டர் காப்பி மணம் வந்தது. என் கை தானாகப் போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

"என்ன, காய்ச்சலா?" என்று கேட்டாள். அவள்தான் சுகந்தி. எங்கள் காதல் ஒரு நோய் விசாரிப்பில் தொடங்கியது.

அவர்கள் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். வலியசாலையில் சொந்த வீடு. அவள் அப்பா ஒரு மொத்தக்கடையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். நாங்கள் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லைனில் இருந்தோம். ஒன்பது வீட்டுக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். ஒரு வருஷம் ஃபிளாஸ்க் மூடியில் காப்பி வாங்கிக் குடித்த பிறகு சுகந்தி வீட்டில் பேச்சு எடுத்தாள். அவள் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறேன் என்றார்.

வீடு என்று பார்ப்பதற்கு எங்களிடம் என்ன இருந்தது? சுகந்தி அலட்டிக்கொள்ளவில்லை.

"எங்கப்பா வீட்டுல சொவரு இருக்கான்னுகூட நோக்க மாட்டாவ. காப்பி எப்படின்னுதான் நோக்குவாவ, கேட்டியளா. ரெண்டு மாப்பிள வீட்டுக்குப் போயாச்சு. ரெண்டு எடத்துலயும் காப்பியக் குடிச்சிட்டு வெளிய வந்து, செரிவராதுன்னுட்டாவ."

"நான் நல்ல பொடியா வாங்கி வெக்கேன்."

"பொடி ஒண்ணும் வேண்டாம். கொட்டையப் போட்டு அரைக்கிற மெஷின் ஒண்ணு வாங்குங்க."

"வீட்டுல மிக்ஸி இருக்கே."

"மிக்ஸில மல்லி மணக்கும். மெஷின்தான். அப்பா கண்ணுல படுற மாதிரி வெக்கணும்."

கண்ணில் படுவதற்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது நான் கேட்கவில்லை. காதலிக்கிறவன் எதைத்தான் கேட்கிறான்.

கிழக்கேகோட்டையில் ஒரு வீட்டுச்சாமான் கடைக்குப் போனேன். என்னிடம் ஒரு குணம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; அதனால் எழுதி அச்சடித்தது எதுவானாலும் அது உண்மை என்று ஒரு நம்பிக்கை. லைனில் ஒன்பது வீட்டுக்கும் வருகிற காகிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். தண்ணீர் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிஸ்கட் உறை வரைக்கும் வாசித்துச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை முருகன் அண்ணாச்சிக்கு வயிற்றுப்போக்கு மாத்திரையின் தாளில் இருந்த பக்கவிளைவுகளை ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டியதில், மனுஷன் பயந்துபோய் மாத்திரை போடாமலேயே குணமாகிவிட்டார்.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று அடியில் கத்தி சுழல்கிற வகை, விலை ஆயிரத்துச் சொச்சம். கத்தி கொட்டையை வெட்டித் தள்ளும். கொஞ்சம் மாவாகவும் கொஞ்சம் குருணையாகவும் விழும். இன்னொன்றில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும், திருகைக்கல் மாதிரி. நடுவில் கொட்டை போய் ஒரே அளவுப் பொடியாக விழும். பொடி மெல்லிசா, பருமனா என்பதற்குப் பக்கத்தில் ஒரு திருகு, ஒன்றிலிருந்து பதினெட்டு வரை எண் போட்டது. விலை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

"இது எடுத்தா பின்னெ தலவேதன இல்ல, சேட்டா," என்றான் கடைப்பையன். தலைவேதனை இல்லை என்பதைத் தவிர அவன் சொன்னதெல்லாம் சரி.

நான் இரண்டாவதை எடுத்ததற்குக் காரணம் பல்சக்கரம் என்று பல வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அதனுடைய விளக்கப் புத்தகம் தடிமனாக இருந்தது. பன்னிரண்டு மொழியில் போட்டிருந்தார்கள். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. இருந்தாலும் அந்தக் கனம் கைக்கு ஒரு தைரியம் கொடுத்தது.

அம்மாவிடம் தொள்ளாயிரம் ரூபாய் என்று சொன்னேன். அம்மா வீட்டில் கிரைண்டர் வைத்து லைனுக்கு தோசைமாவு விற்பவள். எந்த விலையைக் கேட்டாலும் எத்தனை பாக்கெட் மாவு என்று முகத்தைச் சுருக்குவாள். தொள்ளாயிரத்துக்கே சுருக்கினாள்.

"அரைக்கதுக்கு நம்ம வீட்டுல மெஷினா இல்ல?" என்றாள். அவளுடைய தொழிலில் நான் ஒரு போட்டியாளரைக் கூட்டி வந்துவிட்ட மாதிரி அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

கொட்டையை நான் வாங்கவில்லை. அதை அப்பா பார்த்துக்கொண்டார். பொன்முடி பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் அப்பா கையால் டீ குடிக்காமல் வண்டி எடுக்க மாட்டார். அவரிடம் அப்பா ஒரு வார்த்தை சொல்ல, மலையில் யாரோ தோட்டத்து ஓரம் வளர்த்த செடியில் பறித்துக் காயவைத்துத் தோலுரித்த கொட்டை இரண்டு கிலோ, துணிப்பையில் பஸ் ஏறி வந்து சேர்ந்தது. காசு வாங்கவில்லை.

பையைத் திறந்தோம். சாம்பலும் பச்சையுமாக, நடுவில் கீறல் விழுந்த கொட்டைகள். மூக்கை விட்டுப் பார்த்தேன். காய்ந்த வைக்கோல் வாசம்தான் வந்தது.

"காப்பி மணமே இல்லையேப்பா."

"தண்ணி படாம தேயில மணக்குமால? அரைச்சா மணக்கும்," என்றார் அப்பா. முப்பத்தைந்து வருஷ அனுபவம் பேசுகிறது, நான் யார் மறுக்க.

இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எங்கள் வீட்டிலிருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த காப்பி பொடியாகத்தான் பிறந்தது. கடையில் தேயிலை எப்படிப் பெட்டியில் கறுப்பாக வந்து இறங்குமோ அதுபோலக் காப்பிக் கொட்டையும் வந்து இறங்கிவிட்டது என்று நினைத்தோம். நான் வேறு புத்தகத்தின் இங்கிலீஷ் பக்கங்களை ஒரு தடவை முழுசாக வாசித்தேன். "காப்பிக் கொட்டை தவிர வேறு எதையும் போடக்கூடாது" என்று இருந்தது. நாங்கள் போட்டது காப்பிக் கொட்டைதான்.

பெண் வீட்டார் வருவதற்கு முந்தின புதன்கிழமை ஒத்திகை. மெஷின் கர்ர்ர் என்று தொடங்கி, கிர்ர் என்று இறங்கி, ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. தொட்டால் சுட்டது. புத்தகத்தில் சொன்னபடி அரைமணி நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. நாலு தடவை ஆற்றி அரைத்ததில் இரண்டு கரண்டி பச்சைக் குருணை கிடைத்தது. ஃபில்டரில் போட்டு இறக்கியபோது பாசிப்பயறு கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒன்று சொட்டியது.

அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "மாட்டுக்குக் கொள்ளு வேக வச்ச தண்ணி," என்றார். "பணக்காரனுவோ இதயா குடிக்கான்?"

அம்மா இரண்டு கொட்டையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துத் துப்பினாள். "வறுக்காம எந்தப் பொடியல அரைச்சிருக்கோம்? மல்லிய வறுக்கோம், மொளவ வறுக்கோம். இதயும் வறுக்கணும்ல."

"புத்தகத்துல அப்படி ஒண்ணும் எழுதலம்மா."

"சோத்துப்பானையில அரிசியக் கழுவிப் போடுன்னு எழுதியா இருக்கு?"

அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. பன்னிரண்டு மொழியிலும் இல்லை.

வறுக்க வேண்டும் என்று ஆனதும் லைனே கூடிவிட்டது. அம்மா தோசைக்கல்லில் கொஞ்சம் வறுத்தாள். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. அப்போதுதான் பக்கத்து வீட்டு முருகன் அண்ணாச்சி வந்து, "தம்பி, வறுக்கது எந்தொழிலு. பையக் கொண்டா," என்றார். லைனில் தன் மாத்திரைத் தாளை வாசித்துச் சொன்ன பையனுக்குக் கல்யாணம் முடியவேண்டும் என்று அவருக்கு உண்மையான ஆசை.

அண்ணாச்சி கடலையை எப்படி வறுப்பார் தெரியுமா? பெரிய இரும்புச் சட்டி நிறைய மணல். மணல் காய்ந்ததும் கடலையை அதற்குள் போட்டுக் கரண்டியால் புரட்டுவார். மணல் சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறும், கருகாது. பிறகு சல்லடையில் அள்ளினால் மணல் கீழே போய்விடும், கடலை மேலே நிற்கும். எத்தனையோ வருஷம் பழவங்காடி அந்தக் கடலையைத் தின்றிருக்கிறது. ஒருத்தருக்கும் பல்லில் மணல் பட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், கோயில் கூட்டத்துக்கு நடுவில், காப்பிக் கொட்டை அண்ணாச்சியின் மணலுக்குள் இறங்கியது. கால்மணி நேரத்தில் படபடவென்று வெடித்தது. புகை எழுந்தது. அப்புறம் மணம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முக்கு முழுக்கக் காப்பிக்கடையாகிவிட்டது. தேங்காய் உடைக்க வந்தவர்கள் தேங்காயோடு நின்று பார்த்தார்கள். ஒருவர், புதுசாக ஏதோ கடலை வந்திருக்கிறது என்று நினைத்துப் பத்து ரூபாய்க்குக் கேட்டார். அண்ணாச்சியும் பழக்கதோஷத்தில் பொட்டலம் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் நாலைந்தை வாயில் போட்டு மென்றபடியே நடந்துபோனார். திரும்பி வந்து எதுவும் கேட்கவில்லை. அதுவே எங்களுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

கடலைக்கும் காப்பிக் கொட்டைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கடலைக்கு ஓடு உண்டு, உரித்துத்தான் தின்கிறோம். காப்பிக் கொட்டைக்கு ஓடு கிடையாது, வயிற்றில் ஒரு கீறல் இருக்கிறது. வறுபட்டதும் கொட்டையில் எண்ணெய் கசிகிறது. எண்ணெயில் ஒட்டிய மணல் சல்லடையில் எப்படி இறங்கும்? கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே அரைத்திருந்தால் தெரிந்திருக்கும். அரைக்க வேண்டாம் என்று சொன்னது நான். "காப்பி போடுவதற்குச் சற்று முன்புதான் அரைக்க வேண்டும்" என்று புத்தகத்தில் இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. லைன் முனையில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் மெஷினைப் போட்டேன். ஒரு கிறீச்சல். பள்ளிக்கூடக் கரும்பலகையில் ஒன்பது வாத்தியார்கள் சேர்ந்து நகத்தால் கீறினால் வருகிற மாதிரி.

அம்மா பாய்ந்து வந்தாள். மாவரைக்கிற சத்தத்தை வைத்தே அரிசி எத்தனை சுற்று அரைபட்டிருக்கிறது என்று சொல்கிறவள். "ஏல நிப்பாட்டு. கல்லு அரையுது."

"சத்தம் வர்றது இயல்புன்னு போட்டிருக்கும்மா."

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது ரூவா மெஷின்ல மண்ண அரைச்சுக்கிட்டு நிக்கான்," என்றாள். நான் வாயைத் திறந்தேன். "பெட்டியில ஒட்டிருந்துல்லா? எழுத்துதான் எனக்குத் தெரியாது. நம்பர் தெரியும்."

வேறு பொடி வாங்கி வர நேரமில்லை. அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுகந்தியின் அப்பா ஒல்லியான மனிதர். தேய்த்த வெள்ளைச்சட்டை, பையில் பேனா. சுகந்தியின் அம்மா கண்ணாடிக்குள்ளிருந்து வீட்டை ஒரு சுற்று அளந்தார். இரவல் நாற்காலியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா கட்டிலில். சட்டை போட்டு, கையில் வேலையில்லாமல் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ ஆற்ற ஆள் தேடுகிற மாதிரி அந்தக் கைகள் மூடி மூடித் திறந்தன.

அம்மா தம்ளரை நீட்டினாள். சுகந்தியின் அம்மா ஒரு வாய் குடித்தார். கறுக். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, அப்பாவுக்குக் கேட்டது, பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்திருந்த அண்ணாச்சிக்கும் கேட்டிருக்க வேண்டும். சுகந்தியின் அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். கதவோரம் நின்ற அம்மாவின் கை நெஞ்சுக்குப் போயிற்று, உதடு அசைந்தது. நூற்றியொரு தேங்காய் அந்த நொடியில் வந்ததுதான்.

சுகந்தியின் அப்பா குடித்துக்கொண்டிருந்தார். கறுக், கறுக் என்றது. அவர் நிறுத்தவில்லை. கண்ணைப் பாதி மூடியிருந்தார்.

"பொடி கொஞ்சம் நறநறன்னு இருக்கு," என்றார்.

"எஸ்டேட்டுக் கொட்டை. அப்பிடித்தான் இருக்கும்," என்றார் அப்பா. எந்த டீ மாஸ்டரும் குரல் நடுங்காமல் சொல்லவேண்டிய பொய் அது.

"அப்படியா? இன்னும் ஒரு தம்ளர் கிட்டுமா?"

"போதும்," என்றார் அவர் மனைவி.

"சம்பந்தம் பேச வந்த எடத்துல வேண்டாம்னு சொல்லது மரியாதையா?"

இரண்டாவது தம்ளரையும் அடிமண்டி வரை குடித்தார். தம்ளரின் அடியில் ஒரு சின்னக் கடற்கரை இருந்தது. அதையும் பார்த்தார். எழுந்து மெஷினிடம் போனார். மூடியைத் திறந்து உள்ளே மூக்கை வைத்து இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "இது இனிமே இங்கதானே இருக்கும்?" என்றார்.

"ஆமா."

"வித்திர மாட்டியளே?"

"இல்ல."

"அப்போ கொள்ளாம்." வாசலில் செருப்பு மாட்டும்போது மனைவியிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நல்ல எடம்."

கல்யாணம் முடிந்த நாலாவது நாள் சுகந்தி விஷயத்தை உடைத்தாள். அவள் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, வயிற்றுப்புண். டாக்டர் காப்பியை நிறுத்தச் சொல்லி ஒன்றரை வருஷம். அவள் அம்மா டாக்டரைவிடக் கண்டிப்பு. வீட்டில் பொடி வாங்குவதே நின்றுபோய், சுகந்தியின் ஃபிளாஸ்க்கூட அத்தை வீட்டில்தான் நிரம்பியது. மாப்பிள்ளை வீட்டில் கொடுக்கும் காப்பியை மட்டும் மரியாதைக்காகக் குடிக்க அவள் அம்மா அனுமதித்திருந்தார்.

"முதல் ரெண்டு வீட்டுலயும் காப்பி நல்லாத்தான் இருந்து. வேண்டாம்னாத்தானே அடுத்த வீட்டுக்குப் போக முடியும்."

"பின்ன எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் சரின்னாவ?"

"மகள் இருக்கப்பட்ட வீட்டுல மெஷினும் இருந்தா வாராவாரம் வரலாமில்லியா. அந்த மெஷின வாங்கச் சொன்னது யாரு?"

அவர் வந்தார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு, மகளைப் பார்க்க என்று, ஒரு சீப்பு ரசகதலிப் பழத்தோடு. மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்; அவர் எழுப்பவும் மாட்டார். நேராக மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்வார். ஒழுங்காக வறுத்த கொட்டையைச் சாலைக் கடையிலிருந்து நான் வாங்கி வைத்திருப்பேன். மணல் தின்ற பல்சக்கரத்துக்குப் பதினெட்டு எண்ணும் மறந்துபோய்விட்டது. எதில் வைத்தாலும் ஏழில் வைத்த மாதிரிதான் அரைக்கும். பொடி டப்பாவில் விழாமல் சட்டையெல்லாம் ஒட்டும். வாரம் ஒருமுறை கழற்றிப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டாவிட்டால் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். ஒவ்வொரு தடவை தட்டும்போதும் இரண்டு மணல் விழும். எங்கேதான் வைத்திருந்ததோ.

அந்தக் கர்ர்ர் கேட்டால் லைனில், "காப்பி மாமா வந்தாச்சு," என்பார்கள். அப்பாவும் அவரும் ஒன்றாக உட்கார்ந்தால் தொழில் சண்டை.

"சாயாங்கறது எலைய வேக வச்ச தண்ணிதானே, சம்மந்தி."

"உங்க காப்பிக்கு கரண்டு வேணும், மெஷினு வேணும், மண்ணு வேணும். எனக்கு ரெண்டு கை போதும்."

"மண்ணு இல்லாம இப்பம் ஒரு ருசியும் இல்ல கேட்டியளா." கிளம்பும்போது குழாயடியில் நின்று வாயை மூன்று முறை கொப்புளிப்பார். கிராம்பு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வார்.

ஐந்து வருஷம் வந்தார். அவரைக் கொண்டுபோனது சிறுநீரகம் சம்பந்தப்பட்ட எதுவோ. காப்பிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்றார். மூன்றாவது முறை கொஞ்சம் கோபமாக.

லைனை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே ஐந்து மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. நாங்கள் கரமனைப் பக்கம் ஒரு வாடகை ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம், கக்கூஸ் மட்டுமே இரண்டு, இரண்டும் எங்களுக்கே. அப்பாவின் சாயாக்கடை இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். அண்ணாச்சியின் வண்டி நின்ற இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. மெஷின் பரணில் இருக்கிறது. கொட்டை போடும் கிண்ணத்தில் அம்மா துணிக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் மட்டும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நூற்றியொன்றாவதை அம்மாதான் எறிந்தாள். கடைக்காரர் அட்டையில் கணக்குப் போட்டு, ஒன்று நாற்பத்தைந்து வீதம், நாலாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தைந்து என்று காட்டினார். நான் பணத்தை எடுத்தேன்.

அதுவரைக்கும் ஒரு காய்கூட உடைக்காமல் ஓரமாக நின்ற சுகந்தியின் அம்மா முன்னால் வந்தார். "இன்னும் ஒண்ணு தாங்க," என்றார்.

"நூத்தியொண்ணு முடிஞ்சிட்டே, மைனி," என்றாள் அம்மா.

"அது உங்க நேர்ச்ச. இது எனக்குள்ளது." காயைக் கையில் வாங்கிக் குடுமியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம வந்ததும் கிராம்பு மணக்கும். பல்லுவலின்னு சொல்லுவாரு. அஞ்சு வருசமா எல்லா ஞாயித்துக்கெழமையும் பல்லுவலி. நான் ஒரு வார்த்த கேக்கல்ல. சனிக்கெழம ராத்திரியே அந்த வெள்ளச்சட்டையத் தேச்சு வச்சிருவேன்."

சுகந்தி எதிர்க்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.

அவர் எறிந்தார். ஒரே எறியில் சிதறியது. கடைக்காரர் அட்டையில் பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: நூற்றியிரண்டு காய், நாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.